நாற்பத்தோராவது

எமே டெஸ்ப்ளென்டர் அந்தப் படத்தில்
நாற்பத்தோரு தடவை விழுகிறார்.
நாற்பதுக்கு ஓசை கொடுத்தவள் நான்.

மாடிப்படிக்கு, ஈரமணல் நிரப்பிய பூட்ஸ்.
பதினேழு படி, பதினேழு தடால்.
கடைசிப் படிக்குப் பிறகு இன்னொரு தடால்,
அது நானாகச் சேர்த்தது.
முழங்கால் மடங்க செலரித் தண்டு: நறுக்.
முகத்தில் அப்பும் கிரீம் கேக்குக்கு
முந்தின நாள் உருளைக்கிழங்கு மசியல்.
ஓங்கி எறிந்தால் சப்பென்று ஒட்டும்.
அப்புறம் சொதசொதவென்று தானாக இறங்கும்,
கடன் கேட்க வந்தவன் வானிலையில் ஆரம்பிப்பதுபோல.
பின்மண்டைக்குத் திரும்பி வரும் ஏணிக்குப்
பூசணிக்காய்.
அந்த மாதம் முழுக்க வீட்டில் பூசணி சூப்.
யோரிஸ் ஒன்றும் கேட்கமாட்டார்,
கிண்ணத்தைக் கரண்டியால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுக்
குடிப்பார்.

கதை இவ்வளவுதான்:
மார்ச் மாத ஓஸ்டெண்ட் கடற்கரை,
ஒரு மடக்கு நாற்காலி,
வடகடல் காற்று,
உட்கார நினைக்கிற ஒரு மனிதர்.
எழுபத்தெட்டு நிமிடமும் அவர் உட்காரவில்லை.
பேசவும் இல்லை.

இயக்குநர் ரைன்ஹில்டே
பணம் தீர்ந்ததும் அம்மாவின் பியானோவை விற்றாள்.
பியானோ ஜன்னலிலிருந்து விழும் காட்சியை
அதற்குப் பிறகு எடுக்க முடியவில்லை.
இரவில் விடுதிச் சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டி
ஊமைப் படங்களை ஓட்டுவாள்.
தொளதொளக் கால்சட்டைக்காரர்கள், முகம் சுளிக்காதவர்கள்,
ஒல்லியும் குண்டுமாய் ஒரே கட்டிலில் உறங்குகிறவர்கள்.
எல்லோரும் எப்போதோ செத்துப்போனவர்கள்.
ஜன்னல் இடுக்கில் காற்று வர, விரிப்பு அலைய,
விழுந்தவர்கள் அந்த மடிப்பில் இன்னொரு தடவை விழுந்தார்கள்.
"பார் எமே, விழுந்தவன் முதலில் எதைத் தேடுகிறான்?
எலும்பையா? தொப்பியை."

நாற்பத்தோராவது எழுதிவைத்ததல்ல.
அலைத்தடுப்பில் பாசி. எமேவுக்கு அறுபத்திரண்டு வயது.
கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
போனார்.
பிறகு எழுந்தார், தொப்பியைத் தேடினார்,
தட்டித் தலையில் வைத்தார்,
இடது கையால் மட்டும் நாற்காலியை விரிக்கத் தொடங்கினார்.
வலது காறை எலும்பு இரண்டாகியிருந்தது.

ஐந்து இரவு முயன்றேன் அதற்கு.
செலரி பொய் சொன்னது.
வால்நட், நனைந்த கயிறு, பழைய குடைக்கம்பி,
ஒவ்வொன்றும் 'சிரி, சிரி' என்று விலாவில் இடித்தது.
கடைசியில் காற்றையும் கடற்காகங்களையும்கூட அணைத்துவிட்டேன்.
இரண்டரை வினாடி, ஒன்றுமே இல்லை.
படச்சுருள் அறுந்துவிட்டதோ என்று
ஆபரேட்டர் இரண்டு தடவை எழுந்தாராம்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தியேட்டரில்
ஒன்பது நாள் ஓடியது.
ஒரே ஒரு பத்திரிகை ஆறு வரி எழுதியது:
'பழைய சிரிப்புக்குப் புதிய சுளுக்கு.'
அவ்வளவுதான். திருவிழாக்கள் இல்லை, விருது இல்லை.

ஒன்பதாம் நாள் மாலைக் காட்சி. மழை.
நான், எமே, தூங்குவதற்கென்றே வந்த ஒருவர்,
முத்தமிட வந்த இருவர்,
சீருடையோடு ஒரு டிராம் ஓட்டுநர் அம்மாள்,
மடியில் பை நிறைய லீக்ஸ் கீரை.
அவள் சிரித்தாள். ஏணிக்கு, கேக்குக்கு,
இல்லாத அந்தப் பதினெட்டாம் படிக்கு.
துருப்பிடித்த கேட்டும் பாதி நிரம்பிய வெந்நீர்ப் பையும்
சேர்ந்தால் வருமோ அந்தச் சிரிப்பு,
பிற்பாடு செய்து பார்த்தேன், வரவில்லை.
இரண்டரை வினாடியில் மட்டும்
லீக்ஸ் பையை இறுக்கிப் பிடித்தாள். சரசர.
படத்தில் அந்த இடத்துக்கு இப்போதும்
அது ஒன்றுதான் ஓசை, எனக்கு மட்டும்.

விளக்கு எரிந்தது.
அவள் வெளியேற வழிவிட்டு எமே எழுந்தார்.
திரும்ப உட்கார்ந்தார்.
இருக்கை அதற்குள் மடங்கிக்கொண்டிருந்தது.
தொப்.

வேண்டுமென்றா, தவறியா,
இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.
டிராம் ஓட்டுநர் அம்மாள் பையைக் கீழே போட்டுவிட்டு
மண்டியிட்டு, இருக்கைகளுக்கு அடியில் கைவிட்டு
பதறித் தேடிக்கொண்டிருந்தாள்
அவருடைய தொப்பியை.

அன்று அவர் தொப்பி போட்டு வரவில்லை.